பஸ்ஸில் சோத்துச் சட்டிக்கு இடமிருக்கு, புள்ள வண்டிலுக்கு இடமில்லையாம்



கொஞ்சம் நீளமான பதிவு. முழுக்க வாசித்துவிட்டு ஏசுறவங்க ஏசலாம். தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு ஏச வேண்டாம். அதற்கெல்லாம் பதில் எழுத நேரமில்லை, தரம் 1 பிள்ளைகளின் கொப்பி திருத்தக் கிடக்கிறது.

லீவு விட்டதும் நம் மஹல்லாவிலிருந்து இரண்டு பஸ் கொழும்புக்குப் போகப்போகிறது. குடும்பச் சுற்றுலா. நல்ல விசயம். வருசம் பூரா அடுப்படிக்கும் டியூஷன் வகுப்புக்கும் மதரஸாவுக்கும் இடையில் ஓடிக்கொண்டிருக்கிற உம்மாமாருக்கு ஊரை விட்டு வெளியே போகக் கிடைப்பது இப்படி ஒரு நாள்தான். ஏற்பாடு செய்கிற தம்பிமார் தங்கள் கடை, தொழில் எல்லாவற்றையும் போட்டுவிட்டு அலைகிறார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி தரட்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு "டீச்சர் எதற்கெடுத்தாலும் குறை சொல்றா" என்று யாரும் கதைக்க வேண்டாம்.

என் பிரச்சினை வாட்ஸ்அப் குழுவில் போட்ட அறிவித்தலின் ஏழாம் இலக்கம். அப்படியே எழுதுகிறேன்: "பேபி கார்ட் கொண்டுவருவதைத் தவிர்க்கவும். பஸ்ஸில் இட வசதி இல்லை. நடக்க ஏலாத பிள்ளைகளை வீட்டில் பெரியவர்களிடம் விட்டுவிட்டு வருவது நல்லது."

அதற்குக் கீழே ஒருவர் எழுதியிருந்தார்: "அஞ்சு வயசுக் கழுதையையும் வண்டில்ல வெச்சித் தள்ளுற காலம் வந்திட்டு." அதற்குக் கீழே சிரிக்கிற முகங்கள், வரிசையாக. சிரித்தவர்களில் மூன்று பேர் என்னிடம் படித்த பிள்ளைகளின் வாப்பாமார்.

அதே அறிவித்தலின் மூன்றாம் இலக்கத்தையும் வாசியுங்கள். சமையல் சாமான் எல்லாம் பஸ்ஸிலேயே போகிறது. இரண்டு பெரிய சோத்துச் சட்டி, அடுப்பு, கேஸ் சிலிண்டர், பாய், தண்ணீர்க் கேன், பெடியன்மாருக்கு கிரிக்கெட் சாமான், சவுண்ட் பொக்ஸ். (ஆட்களை ஏற்றிய பஸ்ஸில் கேஸ் சிலிண்டரை ஏற்றுவது பற்றி வேறொரு நாளைக்கு எழுதுகிறேன். இப்போதைக்கு அதைக் கீழே இறக்கிவிடுங்கள் என்று மட்டும் சொல்கிறேன்.) சவுண்ட் பொக்ஸுக்கு இருக்கிற இடம் குடை மாதிரி மடிக்கிற ஒரு பேபி கார்ட்டுக்கு இல்லையா? மடித்தால் அது ஒரு பாய்ச்சுருள் அளவுதான்.

ஆகவே இது இடத்தின் பிரச்சினை இல்லை என்பது என் எண்ணம். நாலு வயதுப் பிள்ளையை வண்டிலில் வைப்பது வெட்கம், செல்லம் கொடுத்துக் கெடுப்பது, பணக்காரப் பவுசு என்று நம் ஆட்களின் மனதில் ஒன்று இருக்கிறது. அதைத்தான் பேச வேண்டும்.

முதலில் அந்த நாளின் ஓட்டத்தைப் பார்ப்போம். வெள்ளி இரவு இஷா தொழுதுவிட்டு பஸ் எடுக்கிறது. 300 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டம். சுபஹுக்குக் கொழும்பு. காலையில் தெஹிவளை மிருகக்காட்சிசாலை. ளுஹருக்குப் பிறகு தீம் பார்க். மஃரிபுக்குக் காலிமுகத்திடல். இரவுச் சாப்பாடு முடித்துத் திரும்ப பஸ். பெரிய மனிதர்களுக்கே ஞாயிற்றுக்கிழமை கட்டிலை விட்டு எழும்ப ஏலாது.

இப்போது அதே நாளை ஒரு நாலு வயதுப் பிள்ளையின் உயரத்தில் இருந்து பாருங்கள். அந்த வயதில் பிள்ளைக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம். உம்மா ஒரு அடி வைக்கிற தூரத்துக்கு அது இரண்டு அடி வைக்க வேண்டும், கொஞ்சம் குறையலாம். ஆக, நீங்கள் "கொஞ்சத் தூரம்தானே நடந்தோம்" என்று சொல்கிற தூரம் அதற்கு இரண்டு மடங்கு. மூன்று, நாலு வயதுப் பிள்ளைகள் 24 மணி நேரத்தில் 10 முதல் 13 மணி நேரம் நித்திரை கொள்ள வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலில் சொல்கிறது. பஸ்ஸில் உம்மாவின் மடியில், ஒவ்வொரு வளைவுக்கும் முழித்து முழித்துக் கொண்ட நித்திரையை இதில் எவ்வளவு என்று கணக்கெடுப்பீர்கள்? அந்தப் பிள்ளை மிருகக்காட்சிசாலையின் கேட்டுக்கு வரும்போதே பாதிக் கடனில் வருகிறது.

தெஹிவளையில் நடந்தவர்களுக்குத் தெரியும். 1936இல் அரசாங்கம் பொறுப்பெடுத்த பழைய இடம். மேடும் பள்ளமும் படியுமாக இருக்கும். பெரியவர்கள் நின்று பார்ப்பது யானையை, சிங்கத்தை. மூன்று வயதுப் பிள்ளைக்கு முன்னால் நிற்கிறவர்களின் சாரனும் அபாயாவும்தான் தெரியும். அதனால் "தூக்குங்க" என்கிறது. தூக்கினால் பார்க்கிறது. இறக்கினால் அழுகிறது. இதைப் பிடிவாதம் என்கிறோம்.

தீம் பார்க்கில் இன்னொரு கதை. பண்டாரகமைக்கோ அவிசாவளை வீதிப் பக்கமோ நம் ஆட்கள் போய் வந்து நிறையப் படம் போடுகிறார்கள். அந்தப் படங்களில் சின்னப் பிள்ளைகள் எங்கே என்று தேடிப் பாருங்கள். உலகத்தில் எந்தத் தீம் பார்க்கிலும் வேகமாகச் சுற்றுகிற, உயரத்தில் ஏறுகிற விளையாட்டுகளுக்கு உயரக் கட்டுப்பாடு இருக்கிறது. இருக்கத்தான் வேண்டும். அதன் அர்த்தம் என்னவென்றால், பத்து வயது ராத்தாவும் பன்னிரண்டு வயது காக்காவும் ஏறி இறங்குகிற நாளில் நாலு வயதுத் தம்பி செய்கிற வேலை நடப்பதும் காத்திருப்பதும். வரிசை பக்கத்தில் நிற்கும். வேலி பக்கத்தில் நிற்கும். நடுவில் ஒரு சின்ன ரயில், ஒரு குதிரைச் சுற்று, ஒரு ஐஸ்கிரீம். மற்ற நேரமெல்லாம் வெயில். அந்தக் காத்திருப்பில் பிள்ளைக்குச் சாய ஒரு இடம் கேட்பது செல்லமா?

இப்படிப்பட்ட இடங்களைக் கட்டித் தொழில் செய்கிறவர்களுக்கு இது நம்மைவிட நன்றாகத் தெரியும். அமெரிக்காவில் புளோரிடாவில் இருக்கிற வோல்ட் டிஸ்னி வேர்ல்டில் பேபி கார்ட் வாடகைக்குக் கொடுக்கிறார்கள். வெளியிலிருந்து கொண்டுவருகிற வண்டில் 79 சென்ரிமீட்டர் அகலத்துக்கும் 132 சென்ரிமீட்டர் நீளத்துக்கும் கூடக்கூடாது என்று 2019 மே முதலாம் திகதியிலிருந்து சட்டம் போட்டிருக்கிறார்கள். வண்டில் வரக்கூடாது என்று போடவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள். வண்டில்கள் கூடிப்போய் அளவு சொல்ல வேண்டி வந்திருக்கிறது. சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டூடியோஸிலும் வாடகைக்கு எடுக்கலாம். நம் மஹல்லாவின் அறிவித்தல் மட்டும் பிள்ளையையே வீட்டில் விடச் சொல்கிறது.

சரி, வண்டில் இல்லை. பிள்ளை களைத்து நிலத்தில் குந்திவிட்டது. அடுத்து என்ன? யாரோ தூக்க வேண்டும். நாலு வயதுப் பிள்ளையின் சராசரிப் பாரம் 16 கிலோ வரும். நம் வீட்டுக் கேஸ் சிலிண்டருக்குள் இருக்கிற கேஸ் 12.5 கிலோ. அதைவிடக் கூடின பாரத்தை ஒரு பெண் இடுப்பில் வைத்து, மற்றத் தோளில் பால் போத்தலும் பம்பர்ஸும் மாற்று உடுப்பும் உள்ள பேக்கை மாட்டி, அபாயாவோடு படி இறங்குகிறாள். அவளுக்குத் தன் கால் வைக்கிற படி தெரிவதில்லை. சில பேருக்கு வயிற்றில் இன்னொன்று. அவளுக்கு 20 அடி முன்னால் வாப்பா போகிறார், கையில் போன், "எல்லாரும் இங்க பாருங்க" என்று வீடியோ எடுக்கிறார். அந்த வீடியோ இரவே குழுவுக்கு வரும். அதில் அவள் கடைசியாக, மூச்சு வாங்கிக்கொண்டு, மங்கலாக வருவாள்.

இதை எழுதும்போது கோபம் வருகிறது. மன்னியுங்கள் என்று சொல்லப்போவதில்லை.

ஒரு காக்கா என் கணவரிடம் சொன்னாராம், "புள்ளையத் தூக்குறது சுன்னத்து, வண்டில் எல்லாம் என்னத்துக்கு" என்று. சுன்னத்துத்தான். நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் தங்கள் மகள் ஸைனபின் பிள்ளை உமாமாவைத் தொழுகையில்கூடத் தூக்கி வைத்திருந்தார்கள். ஸுஜூதுக்குப் போகும்போது இறக்கிவிடுவார்கள், எழும்பும்போது தூக்கிக்கொள்வார்கள். அந்த ஹதீஸில் தூக்கியது யார், காக்கா? ஆண். அதுவும் மக்களுக்கு முன்னால், வெட்கப்படாமல். அந்தச் சுன்னத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், காலை 7 மணியிலிருந்து இரவு 9 மணி வரைக்கும் 16 கிலோவை நீங்கள் தூக்குங்கள், நான் இந்தப் பதிவை அழித்துவிடுகிறேன்.

"எங்கட காலத்தில வண்டிலா இருந்திச்சி?" இது மூத்தம்மாமாரின் கேள்வி. இருந்தது. மாட்டு வண்டில் இருந்தது. வட்டைக்குப் போனால் வைக்கோலுக்கு மேலே பிள்ளைகளைப் படுக்கவைத்துக் கூட்டிவந்த கதையை நீங்கள்தானே எங்களுக்குச் சொன்னீர்கள். அதோடு, ஒரு வளவுக்குள் சாச்சி, மாமி, ராத்தா என்று ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள், பிள்ளை ஒரு இடுப்பிலிருந்து இன்னொரு இடுப்புக்கு மாறும். நீங்கள் போன பயணம் கடற்கரைக்கு, மாமி வீட்டுக்கு. ஒரே நாளில் 300 கிலோமீட்டர் ஓடி மிருகமும் ரயிலும் கடலும் பார்த்துத் திரும்பும் பயணம் உங்கள் காலத்தில் இல்லை. பயணத்தை மட்டும் புதுசாக்கிவிட்டு, பிள்ளையின் காலை மட்டும் பழைய காலத்துக்கு ஒப்பிடக் கூடாது.

இனி, மறுபக்கம் சொல்வதில் உண்மை இருக்கிற இடத்துக்கு வருகிறேன். இதை நானும் வகுப்பில் பார்க்கிறேன். சில பிள்ளைகள் தரம் 1க்கு வரும்போது ஒற்றைக் காலில் நிற்க ஏலாது, பந்து பிடிக்க ஏலாது, மைதானத்தை ஒருதரம் சுற்றினால் குந்திவிடும். ஓடியாடி விளையாட விடவில்லை. கடைக்குப் போனாலும் மோட்டார் சைக்கிள், பக்கத்து வீட்டுக்குப் போனாலும் தூக்கு, வீட்டில் போன். ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்கு முதலில் சொல்லித்தந்ததே பிள்ளை உடம்பால்தான் படிக்கிறது என்பதை. நான் மேலே சொன்ன அதே 2019 வழிகாட்டலில், மூன்று நாலு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளில் 180 நிமிடமாவது உடல் அசைவு வேண்டும் என்றும், வண்டில் மாதிரியானவற்றில் ஒரே தடவையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டிவைக்கக் கூடாது என்றும் இருக்கிறது. கடைத்தெருவில் நாலு வயதுப் பிள்ளையை வண்டிலில் கட்டி, கையில் போனைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டு போகிறவர்களைக் கண்டால் நானும் முகத்தைச் சுளிக்கிறவள்தான்.

ஆனால் அது தினசரி வாழ்க்கை பற்றிய பேச்சு. வருசத்தில் ஒரு நாள், நித்திரை இல்லாமல், வெயிலில், பன்னிரண்டு மணி நேரம் வெளியில் நிற்கிற நாளுக்கு அதைக் கொண்டுவந்து பொருத்துவது சரியில்லை. அந்த நாளில் வண்டில் நடைக்கு எதிரி இல்லை. பிள்ளை இறங்கி ஓடட்டும், புறாவைத் துரத்தட்டும், வண்டிலைத் தானே தள்ளட்டும் (எல்லாப் பிள்ளைக்கும் அதுதான் ஆசை). களைத்தால் ஏறட்டும். பகல் நித்திரை வந்தால் படுக்கட்டும். ஒரு முக்கால் மணி நேரம் கண் அயர்ந்த பிள்ளை மஃரிபுக்குக் காலிமுகத்திடலில் பட்டம் பார்க்கும். நித்திரை இல்லாத பிள்ளை வாந்தி எடுக்கும், அல்லது உம்மாவின் அடி வாங்கும். எத்தனை சுற்றுலாவில் கண்டிருக்கிறோம், ஆசையாகக் கூட்டிப்போன பிள்ளைக்குப் பின்னேரம் ஐந்து மணிக்கு முதுகில் இரண்டு!

அப்போ எந்தப் பிள்ளைக்கு வேண்டும், எதற்கு வேண்டாம்? வயதை மட்டும் வைத்துச் சொல்ல ஏலாது. இரண்டு வயதுக்கு கேள்வியே இல்லை, வேண்டும். மூன்றுக்கும் வேண்டும். நாலும் ஐந்தும்தான் வீட்டுக்கு வீடு மாறும். ஒரு சின்னப் பரீட்சை சொல்கிறேன். இந்தக் கிழமையில் ஒரு நாள் அஸருக்குப் பிறகு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்கு நடந்து போய், அங்கே ஒரு மணி நேரம் விளையாடவிட்டு, நடந்தே திரும்புங்கள். போனைக் கொடுக்காதீர்கள், தூக்காதீர்கள். எந்த இடத்தில் "தூக்குங்க" என்கிறது என்று பாருங்கள். திரும்பும் வழியில் பாதியில் சொன்னால், கொழும்பில் காலை பத்து மணிக்கே சொல்லும். அதோடு இரண்டு கேள்வி: பிள்ளை இன்னும் பகலில் நித்திரை கொள்கிறதா? உங்கள் குடும்பத்தில் தூக்கக்கூடிய பெரியவர்கள் எத்தனை பேர் வருகிறீர்கள்? ஒரு உம்மா, மூன்று பிள்ளை, வாப்பா கட்டாரில் என்றால் பிள்ளைக்கு ஐந்து வயதென்றாலும் வண்டிலைக் கொண்டுபோங்கள், யார் சிரித்தாலும் பரவாயில்லை.

போகிற இடமும் முக்கியம். பேராதனைப் பூங்கா என்றால் வண்டிலுக்கு என்றே போட்ட மாதிரிப் பாதை. 147 ஏக்கர், அதில் வண்டில் இல்லாமல் சின்னப் பிள்ளையோடு போகிறவர்களுக்குத் துஆ செய்ய வேண்டியதுதான். காலிமுகத்திடலின் நடைபாதையும் சமம். சீகிரியா என்றால் வண்டிலை வீட்டிலேயே வையுங்கள். 1,200 படிக்குப் பக்கம், வண்டில் அங்கே ஒரு சுமை. நீர்வீழ்ச்சி, கடல் மணல், கற்பாதை எல்லாம் அப்படித்தான், முன் சில்லு புதைந்துவிடும். இப்படிப்பட்ட இடத்துக்குத் துணியால் முதுகில் கட்டுகிற பை நல்லது, அதையும் வாப்பா கட்டிக்கொண்டால் இன்னும் நல்லது. தெஹிவளைக்கு இரண்டும் கெட்டான் நிலை. ஏற்றத்தில் தள்ளலாம், படிக்கட்டு வந்தால் இரண்டு பேர் பிடித்துத் தூக்க வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், பெரிய வண்டில் வேண்டாம். சவூதியிலிருந்து கார்கோவில் வந்த, சோபா மாதிரியான அந்தப் பெரிய வண்டில்களுக்கு பஸ்ஸில் இடமில்லை என்று தம்பிமார் சொன்னால் நானும் அவர்கள் பக்கம். குடை மாதிரி மடிகிற லேசான ஒன்று போதும். வாங்கும்போது எத்தனை கிலோ தாங்கும் என்று அதில் ஒட்டியிருப்பதைப் பாருங்கள். சிலது 15 கிலோ வரைக்கும்தான், சிலது 22 கிலோ வரைக்கும். 18 கிலோப் பிள்ளையை 15 கிலோ வண்டிலில் வைத்தால் தைப்பு பிரிந்துவிடும்.

இரண்டு விசயத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பெண்கள் எல்லோரும் செய்கிறார்கள். வெயில் படுகிறதென்று வண்டிலுக்கு மேலே ஷோலைப் போட்டு முழுக்க மூடாதீர்கள். காற்று போக வழியில்லாமல் உள்ளே சூடு ஏறும், பிள்ளை நித்திரை என்று நினைத்திருப்போம். மூடி இல்லாத வண்டில் என்றால் மர நிழலில் நிறுத்துங்கள், குடை பிடியுங்கள், முகம் தெரியவேண்டும். மற்றது, கைபிடியில் பேக்கைத் தொங்கவிடுவது. பிள்ளை இருக்கும்வரை சரி. பிள்ளையைத் தூக்கிய உடனே வண்டில் பின்பக்கமாகச் சரியும். பிள்ளையும் பேக்கும் ஒன்றாக இருக்கும்போது சரிந்தால் தலைதான் முதலில் அடிபடும். நிறுத்தினால் பிரேக்கைப் போடுங்கள், காலிமுகத்திடலில் கடல் காற்று சும்மா நிற்கிற வண்டிலைத் தள்ளிக்கொண்டு போகும்.

கூட்டத்தைப் பற்றியும் யோசியுங்கள். களைத்த பிள்ளை எங்கே வேண்டுமானாலும் குந்தும். நாம் பத்து அடி போன பிறகுதான் பார்ப்போம். லீவு நாளில் அந்த இடங்களில் இருக்கிற சனத்தில் பத்து அடி போதும். பெல்ட் போட்ட வண்டிலில் இருக்கிற பிள்ளை தொலையாது.

இனி அந்த ஏழாம் இலக்கத்தின் கடைசி வரி. "நடக்க ஏலாத பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு வருவது நல்லது." எழுதிய தம்பி கெட்ட எண்ணத்தில் எழுதியிருக்கமாட்டார். கைக்குழந்தைகளை நினைத்து எழுதியிருப்பார். ஆனால் அந்தக் குழுவில் அதை வாசித்த உம்மாமாரில், ஏழு வயதாகியும் எட்டு வயதாகியும் நடக்காத பிள்ளை உள்ளவர்களும் இருக்கிறார்கள். நான் படிப்பிக்கத் தொடங்கியதிலிருந்து அப்படியான பிள்ளைகளை வாசல்வரை தூக்கிக்கொண்டு வந்த உம்மாமாரைக் கண்டிருக்கிறேன். ஒருவர் சொன்னார், "டீச்சர், வண்டில்ல வெச்சிக் கூட்டிவந்தா சனம் பாக்குது, தூக்கிட்டு வந்தா சின்னப் புள்ள எண்டு நெனச்சிப் பேசாமப் போகுது." அந்தப் பிள்ளைக்கு அப்போது 20 கிலோவுக்கு மேல். நம் பார்வைக்குப் பயந்து ஒரு பெண் தினமும் அதைத் தூக்கினாள். பிறகு முதுகு முடியாமல் போனது, பிள்ளையின் படிப்பு நின்றது.

"அஞ்சு வயசுக் கழுதை" என்று எழுதியவருக்கு ஒரு விசயம். வண்டிலில் இருக்கிற பெரிய பிள்ளையைப் பார்த்து அதற்கு என்ன என்று உங்களால் சொல்ல ஏலாது. தசை பலவீனமாக இருக்கலாம். இதயத்தில் ஓட்டை இருந்து ஒப்பரேஷன் செய்த பிள்ளையாக இருக்கலாம். நேற்றுக் காய்ச்சல் விட்ட பிள்ளையாக இருக்கலாம். ஓட்டிசம் உள்ள, சத்தத்துக்கும் கூட்டத்துக்கும் பயந்து வண்டிலின் மூடிக்குள் ஒளிந்துகொள்கிற பிள்ளையாக இருக்கலாம். வெறும் களைப்பாகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் அந்த உம்மா உங்களுக்கு விளக்கம் சொல்லக் கடமைப்பட்டவள் இல்லை.

இந்த நாட்டில் 1996இலேயே மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க 28ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பொதுக் கட்டடங்களுக்குள் அவர்கள் போய்வர வசதி செய்ய வேண்டும் என்று 2006இல் ஒழுங்குவிதிகள் வந்தன. சக்கர நாற்காலிக்குப் போடுகிற சாய்வுப் பாதையில்தான் பேபி கார்ட்டும் ஏறும், கைத்தடி பிடித்த மூத்தவாப்பாவும் ஏறுவார். அரசாங்கம் செய்யவில்லை, பாடசாலைகளில் இல்லை, வங்கியில் இல்லை என்று நாமே எத்தனை தரம் பேசியிருக்கிறோம். ஆனால் நம் கையில் இருக்கிற இரண்டு பஸ்ஸில், நாமே எழுதுகிற அறிவித்தலில், நடக்க ஏலாதவர் வர வேண்டாம் என்று நாமே போடுகிறோம்.

"வீட்டில் பெரியவர்களிடம்" என்றால் யாரிடம் என்பதையும் கேட்க வேண்டும். ஆண்கள் யாராவது இந்தப் பிள்ளைகளுக்காக நிற்கப்போகிறார்களா? உம்மம்மாவுக்கு முழங்கால் வருத்தம். ஆக, நிற்பது உம்மாதான். இருக்கிற மூத்த பிள்ளைகள் வாப்பாவோடு போவார்கள், உம்மா சின்னதோடு வீட்டில் இருந்து வாட்ஸ்அப்பில் படம் பார்ப்பாள். போன தடவை போகாமல் நின்றவர்கள் யார் யார் என்று உங்கள் தெருவில் மட்டும் எண்ணிப் பாருங்கள்.

ஆகவே ஏற்பாட்டுக் குழுவில் இருக்கிற தம்பிமாரிடம் நேரடியாகக் கேட்கிறேன். ஏழாம் இலக்கத்தை எடுத்துவிடுங்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள குடும்பத்துக்கு மடிக்கக்கூடிய ஒரு வண்டில் என்று எழுதுங்கள். வீட்டுக்கொன்று வேண்டாம் என்றால், ஒரு பஸ்ஸுக்கு ஐந்தாறு என்று பொதுவாகக் கொண்டுபோவோம், பிள்ளைகள் மாறி மாறி ஏறட்டும். சக்கர நாற்காலி வேண்டியவர்கள் யார் என்று தனியாக, குழுவில் அல்லாமல், வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். சோறு சமைத்துக்கொண்டு போவதை விட்டுவிட்டுப் பார்சல் எடுத்தால் அடி டிக்கியில் பாதி காலியாகும். பார்சலுக்குக் கூடுகிற காசைப் பெண்கள் பக்கத்திலிருந்து சேர்த்துத் தர நான் பொறுப்பு. நேரத்தையும் கொஞ்சம் பாருங்கள். மூன்று இடத்தில் ஒன்றைக் குறைத்தால் யாரும் அழப்போவதில்லை. மிருகக்காட்சிசாலையை விட்டுவிட்டு தீம் பார்க்கில் நிதானமாக இருக்கலாம், அல்லது மறுபக்கமாக. இரண்டையும் ஒரே நாளில் திணித்தால் ஒன்றையும் பார்த்ததாக இருக்காது.

காக்காமாருக்கு: வண்டிலைத் தள்ளுங்கள். அவ்வளவுதான். அதைத் தள்ளினால் ஆண்மை குறையாது, போன் பிடிக்க ஒரு கை மிச்சமும் இருக்கும்.

புதன் இரவு இஷாவுக்குப் பிறகு கூட்டம் இருக்கிறது. பெண்கள் வர வழியில்லை என்பதால் நான் இதைக் கடிதமாகவும் எழுதிக் கொடுக்கப்போகிறேன். கையெழுத்து வைக்க விரும்புகிறவர்கள் செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் என் வகுப்புக்கு வாருங்கள்.

நம் ஊரில் எத்தனையோ வீட்டில் அலுமாரிக்கு மேலேயும் கராஜிலும் பாவிக்காத வண்டில் கிடக்கிறது. பிள்ளை வளர்ந்துவிட்டது, கொடுக்க மனமில்லை, வைக்க இடமில்லை. இரவல் தாருங்கள், கழுவித் திருப்பித் தருவது என் பொறுப்பு. இருக்கிறவர்கள் கொமெண்டில் எழுதுங்கள். கொண்டுவர முன் பிரேக் பிடிக்கிறதா, பெல்ட் பூட்டுப்படுகிறதா, நாலு சில்லும் சுற்றுகிறதா என்று பாருங்கள். சில்லு இறுகியிருந்தால் தேங்காய் எண்ணெய் போடாதீர்கள், மண் ஒட்டி இன்னும் இறுகும். தையல் மெஷின் எண்ணெய் என் வீட்டில் இருக்கிறது.